பிசி கேபினட் உண்மையிலேயே கூலிங் தருதா? வீட்டிலேயே டெஸ்ட் பண்ணிப் பார்ப்பது எப்படி?

கேம் ஆரம்பித்து 20 நிமிடம் வரை எல்லாம் சரியாகப் போகும். அதற்குப் பிறகு படம் திக்கித் திக்கி வரும், ஃபேன் சத்தம் மிக்ஸி மாதிரி கேட்கும். வீடியோ எடிட் செய்பவர்களுக்கு காலையில் 10 நிமிடத்தில் முடிந்த ரெண்டரிங், மதியம் இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கும். கடைக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பேஸ்ட் காய்ஞ்சு போச்சு, மாத்திடலாம்" அல்லது "பெரிய கூலர் போடுங்க".

அது சரியான பதிலாகவும் இருக்கலாம். ஆனால் பணம் செலவழிக்கும் முன் சந்தேகப்பட வேண்டிய இன்னொரு ஆள் இருக்கிறது. எல்லா பாகங்களையும் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் கேபினட்தான் அது. முன்பக்கம் கண்ணாடி, உள்ளே கலர் கலராக ஆர்ஜிபி லைட் என்று ஆசையாக வாங்கிய பெட்டியே மூச்சு விட முடியாமல் திணறிக்கொண்டு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு இலவச மென்பொருள், இரண்டு மணி நேரம் போதும்.

ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் பலர் மொத்தப் பெட்டியையும் 'சிபியு' என்றுதான் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் பெட்டி என்றால் கேபினட். உள்ளே இருக்கும் சிப் பிராசஸர்.

கேபினட்டின் வேலை என்ன?

கேபினட் எதையும் குளிர வைப்பதில்லை. அதில் ஏசி கிடையாது. அறையில் இருக்கும் காற்றை உள்ளே விட்டு, சூடான காற்றை வெளியே அனுப்புவது மட்டுமே அதன் வேலை. பிராசஸர் மேல் இருக்கும் கூலரும், கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் ஃபேன்களும் சிப்பின் சூட்டை எடுத்து பெட்டிக்குள் இருக்கும் காற்றில்தான் கொட்டுகின்றன. அந்தக் காற்று வெளியே போகவில்லை என்றால், அதே சூட்டுக் காற்றை மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டு இருக்கும்.

இதை ஒரு கணக்காகப் பார்த்தால் புரியும். ஒரு கம்ப்யூட்டர் எடுக்கும் கரன்ட் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. கேம் ஓடும்போது பெட்டிக்குள் 300 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 வாட் அயர்ன் பாக்ஸில் மூன்றில் ஒரு பங்கு சூடு அது. அந்தச் சூட்டை வெளியேற்றி, உள்ளே வரும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசம் மட்டும் இருக்க வேண்டும் என்றால், நொடிக்கு சுமார் 25 லிட்டர் காற்று பெட்டி வழியாகப் போக வேண்டும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணி கேன் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு நொடியும் ஒன்றேகால் கேன் அளவு காற்று.

இது பெரிய விஷயமே இல்லை. வெட்டவெளியில் சுற்றினால் ஒரு நல்ல 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றே இந்த அளவு காற்றைத் தள்ளிவிடும். ஆனால் கேபினட்டில் அந்த ஃபேனுக்கு முன்னால் கண்ணாடி இருக்கிறது, அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, அப்புறம் தூசி பிடித்த ஃபில்டர், பின்னால் ஒயர் குவியல். இவ்வளவையும் தாண்டி நொடிக்கு 10 லிட்டர்தான் போகிறது என்றால், அதே 300 வாட்டுக்கு காற்றின் சூடு 25 டிகிரி ஏறிவிடும். அறை 35 டிகிரி இருந்தால் பெட்டியை விட்டு வெளியேறும் காற்று 60 டிகிரி. உள்ளே கிராபிக்ஸ் கார்டு எதைச் சுவாசிக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

20 ஆண்டுகளுக்கு முன்பே போட்ட அளவுகோல்

கேபினட்டை இப்படி அளக்கலாம் என்பது புது யோசனை இல்லை. பென்டியம் 4 காலத்தில், 2000-களின் தொடக்கத்தில், இன்டெல் நிறுவனம் கேபினட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அறை வெப்பநிலை 35 டிகிரி இருக்கும்போது, பிராசஸர் ஃபேனுக்குப் போய்ச் சேரும் காற்று 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வெறும் 3 டிகிரி கூடுதல். அந்தக் காலத்து கேபினட்களின் பக்கவாட்டு தகட்டில், பிராசஸருக்கு நேராக ஒரு குழாய் மாதிரி வைத்து ஓட்டை போட்டிருப்பார்கள். பலர் பார்த்திருப்பீர்கள். இந்த 38 டிகிரி விதிக்காக வந்ததுதான் அது.

நமக்கு இதில் முக்கியமான விஷயம், அறை 35 டிகிரி என்று எடுத்துக்கொண்டதுதான். மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு அது கற்பனை எண் இல்லை.

பிறகு கண்ணாடி மோகம் வந்தது. பக்கவாட்டில் கண்ணாடி இருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. காற்று நுழையும் முன்பக்கத்தையும் சேர்த்து மூடியதில்தான் வினை. சில ஆண்டுகளாக காற்று திரும்பவும் வலைப் பக்கம் வீசுகிறது. முன்பக்கம் மூடியிருந்த எச்510 கேபினட்டுக்கு என்இசட்எக்ஸ்டி நிறுவனமே ஓட்டை போட்ட முகப்போடு 'எச்510 ஃப்ளோ' என்று இன்னொரு மாடல் கொண்டு வந்தது. ஃப்ராக்டல் டிசைன் நிறுவனத்தின் 'டோரன்ட்' கேபினட்டில் முன்பக்கம் 180 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு வருகிறது. அமெரிக்காவின் கேமர்ஸ் நெக்சஸ் மாதிரியான யூடியூப் சேனல்கள் ஒவ்வொரு கேபினட்டையும் அளந்து பட்டியல் போட்டதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று சொல்லலாம்.

'72 டிகிரிதான் வருது' என்றால் என்ன அர்த்தம்?

உண்மையில் அந்த எண்ணுக்கு தனியாக எந்த அர்த்தமும் இல்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

வெளிநாட்டு ரிவ்யூ ஒன்றில் ஒரு கேபினட்டில் பிராசஸர் 69 டிகிரி காட்டுகிறது. அதே கேபினட், அதே பிராசஸர், உங்கள் வீட்டில் 83 டிகிரி. பொய் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அவர் அறை 21 டிகிரி, உங்கள் அறை 35 டிகிரி. இரண்டிலும் அறையை விட 48 டிகிரிதான் கூடுதல். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

அதனால்தான் ஒழுங்காக டெஸ்ட் செய்பவர்கள் சிப்பின் வெப்பநிலையில் இருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, மீதியை மட்டும் சொல்வார்கள். இதை 'டெல்டா' என்பார்கள். ரிவ்யூவில் அறை வெப்பநிலை எவ்வளவு என்றே சொல்லாமல் "ரொம்ப கூலா இருக்கு" என்றால், அதை வைத்து 8,000 ரூபாய் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

டெல்டாவும் நூற்றுக்கு நூறு துல்லியம் இல்லை. அறை சூடு ஏறினால் சிப் கொஞ்சம் கூடுதல் கரன்ட் எடுக்கும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

டெஸ்ட் செய்யும் முன் எதையெல்லாம் கட்டிப் போட வேண்டும்?

கேபினட்டை அளக்கும்போது கேபினட்டைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது. சொல்ல எளிது. மாறிக்கொண்டே இருப்பது ஃபேன் வேகம்தான்.

இப்போதைய மதர்போர்டுகள் சூடு ஏற ஏற ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்கும். கேபினட் மோசமாக இருந்தாலும் ஃபேன் அலறி அலறி வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்துவிடும். எண்ணைப் பார்த்தால் எல்லாம் நலம். காதுக்குத்தான் உண்மை தெரியும். எனவே பயாஸ் செட்டிங்கில் போய் பிராசஸர் ஃபேன், கேபினட் ஃபேன் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில், உதாரணமாக 60 சதவீதத்தில், நிறுத்தி வையுங்கள். கிராபிக்ஸ் கார்டு ஃபேனை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் இதேபோல் நிறுத்தலாம். டெஸ்ட் முடிந்ததும் பழையபடி மாற்ற மறந்துவிடாதீர்கள்.

இரண்டு வெவ்வேறு கேபினட்களை ஒப்பிடுபவர்கள் இன்னொரு படி மேலே போவார்கள். ஃபேன் வேகத்துக்குப் பதில் சத்தத்தைச் சமப்படுத்துவார்கள். ஒரு கம்பெனி வேகமான ஃபேனைப் போட்டு நல்ல மார்க் வாங்கிவிடலாம், ஆனால் பக்கத்தில் உட்கார முடியாது. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். எல்லா கேபினட்டையும் ஒரே டெசிபலுக்குக் கொண்டுவந்து அளந்தால் எது உண்மையில் காற்றை விடுகிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் ஒரே ஒரு கேபினட்டைச் சோதிப்பவருக்கு இந்தச் சிரமம் தேவையில்லை.

அடுத்தது நேரம். 5 நிமிடம் ஓட்டிவிட்டு முடிவு சொல்லக்கூடாது. சிப் சில நொடிகளிலும், கூலர் சில நிமிடங்களிலும் சூடாகிவிடும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் காற்று, தகடு, கண்ணாடி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சூடேறி ஒரு நிலைக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். கேபினட்டின் குணம் வெளியே வருவதே அதற்குப் பிறகுதான்.

ஏசி இருந்தால் ஒன்று முழு நேரமும் ஓடட்டும், இல்லை முழு நேரமும் அணைத்து வையுங்கள். பாதியில் போட்டால் கணக்கு கெட்டுவிடும். சீலிங் ஃபேனுக்கும் இதே விதிதான்.

சரி, வீட்டில் எப்படி டெஸ்ட் பண்றது?

'எச்டபிள்யூஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றின் வெப்பநிலை, வேகம், எடுக்கும் வாட் எல்லாவற்றையும் அது காட்டும். அறைக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஒயர் நுனியில் சென்சார் வைத்தது ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அந்த நுனியை கேபினட்டின் முன்பக்கத்தில், காற்று உள்ளே போகும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

வேலை கொடுக்க, நீங்கள் வழக்கமாக விளையாடும் கேமையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே காட்சியாக இருக்க வேண்டும். பிராசஸருக்கு மட்டும் என்றால் சினிபெஞ்ச் நன்றாக இருக்கும். ஃபர்மார்க், பிரைம்95 போன்றவை இயந்திரத்தை உச்சத்துக்குக் கொண்டு போய்விடும். பழைய அல்லது மலிவான பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டாம். அதற்கு அவசியமும் இல்லை.

முதலில் எல்லாம் மூடிய நிலையில் 30 நிமிடம் ஓட்டுங்கள். கடைசி 5 நிமிட சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையையும் அப்போதே எழுதிவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, ஸ்விட்சையும் அணைத்து, சைடு பேனலைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்து அதே 30 நிமிடம். ஃபேன்கள் திறந்தபடி சுற்றும் என்பதால் குழந்தைகளும் பூனையும் அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு எண்களையும் பாருங்கள். உதாரணத்துக்கு, அறை 33 டிகிரி. மூடியபோது பிராசஸர் 84, கிராபிக்ஸ் கார்டு 81. திறந்தபோது 76, 72. அதாவது பேனலைக் கழற்றியதும் 8, 9 டிகிரி இறங்கிவிட்டது. கூலர் அதேதான், பேஸ்ட் அதேதான். அப்படியென்றால் அந்த 8, 9 டிகிரியும் கேபினட் ஏற்றிய சூடு. இந்த நிலையில் 4,000 ரூபாய்க்கு புது கூலர் வாங்கினாலும் அது அதே சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும்.

வித்தியாசம் 2, 3 டிகிரிதான் என்றால் கேபினட்டைக் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையைச் செய்கிறது. அப்போது பேஸ்ட், கூலர், அறை என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

வித்தியாசம் அதிகமாக வந்தவர்கள் மூன்றாவது சுற்று ஒன்று ஓட்டலாம். சைடு பேனலை மாட்டிவிட்டு, முன்பக்க முகப்பை மட்டும் கழற்றுங்கள். பெரும்பாலான கேபினட்டில் கீழே கை விட்டு இழுத்தாலே வந்துவிடும், முகப்பில் ஒயர் இருந்தால் மட்டும் மெதுவாக. சூடு நன்றாகக் குறைந்தால் குற்றவாளி முகப்பு. குறையவில்லை என்றால் சூடான காற்று வெளியேறும் வழியில்தான் பிரச்னை. பின்பக்க ஃபேனே இல்லாமல் இருக்கலாம், இல்லை தலைகீழாக மாட்டியிருக்கலாம்.

தலைகீழாகவா என்று சிரிக்காதீர்கள், இது சாதாரணமாக நடக்கிறது. கேபினட் ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் பொதுவாக காற்று வெளியேறும் பக்கம். சந்தேகம் இருந்தால் ஊதுபத்தி ஏற்றி ஃபேன் அருகே சில நொடி காட்டுங்கள். புகை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். சாம்பல் உள்ளே விழாமல் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.

பேனலைக் கழற்றியதும் எல்லாமே குளிரும் என்றும் நினைக்க வேண்டாம். நல்ல காற்றோட்டம் உள்ள கேபினட்டில், முன்னால் இருந்து வரும் காற்று எஸ்எஸ்டி, ரேம், மதர்போர்டின் மின்பாகங்கள் மீது பட்டுப் போகும். பக்கவாட்டைத் திறந்தால் அந்த ஓட்டம் கலைந்து, எஸ்எஸ்டி இரண்டு டிகிரி ஏறுவதுகூட உண்டு. அதனால் "திறந்தே வெச்சிருக்கேன், கூலிங்குக்கு" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. தூசியும் பல்லியும் வேறு இருக்கின்றன.

வெப்பநிலை மறைக்கும் உண்மை

சிலருக்கு மூடினாலும் 95 டிகிரி, திறந்தாலும் 95 டிகிரி வரும். டெஸ்ட் தவறு என்று நினைத்துவிடக் கூடாது. 2022-ல் வந்த ஏஎம்டி ரைசன் 7700எக்ஸ், 7950எக்ஸ் போன்ற பிராசஸர்கள் கடும் வேலையின்போது 95 டிகிரி வரை போய், அந்த எல்லையில் நின்று எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. கூடுதலாகக் குளிர்ச்சி கிடைத்தால் அதை வேகமாக மாற்றிக்கொள்ளும். எண் இறங்காது. இவற்றில் பார்க்க வேண்டியது டிகிரியை அல்ல, மெகாஹெர்ட்ஸையும் வாட்டையும். பேனல் திறந்ததும் வேகம் கூடினால், மூடியிருந்தபோது அந்த வேகத்தை கேபினட் தடுத்தது என்று அர்த்தம்.

கிராபிக்ஸ் கார்டுகளும் கொஞ்சம் இப்படித்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு அதிகபட்சம் 93 டிகிரி என்று போட்டிருந்தாலும், அதற்கு வெகு முன்பே சூடு ஏற ஏற வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளும். இன்டெல்லின் பல டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைக்கும். எச்டபிள்யூஇன்ஃபோவில் 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரிசையில் 'யெஸ்' என்று வந்தால் அதுதான் நடக்கிறது. சிப் எரிந்துவிடாது, பயப்பட வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சிப்பை விடக் கவலைப்பட வேண்டியது சத்தமில்லாமல் சூடாகும் மற்ற பாகங்களை. பல என்விஎம்இ எஸ்எஸ்டிகளுக்கு 70 டிகிரி வரைதான் கம்பெனி அனுமதி. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும் என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையில் ரொம்ப நாளாக இருக்கும் கணக்கு. கேபினட் டெஸ்ட்டில் எஸ்எஸ்டி எண்ணையும் ஒரு கண் பாருங்கள்.

பெட்டிக்கு வெளியே ஒரு பெட்டி

எல்லா டெஸ்ட்டும் செய்து, வலை முகப்பு போட்ட நல்ல கேபினட் என்று உறுதியான பிறகும் சூடு குறையாத வீடுகள் உண்டு. அங்கே முதலில் கம்ப்யூட்டர் டேபிளைப் பாருங்கள். நம்ம ஊர் டேபிள்களில் கீழே கேபினட் வைக்க என்றே ஓர் அறை இருக்கும். மூன்று பக்கமும் பலகை, சிலவற்றில் முன்னால் கதவு வேறு. பின்னால் சுவர். பக்கத்திலேயே யுபிஎஸ்.

பின்பக்கம் வெளியேறும் சூடான காற்று போக வழியில்லாமல் பலகையில் மோதி, சுற்றி வந்து, முன்பக்கம் வழியாக மறுபடி உள்ளே போகும். தெர்மாமீட்டர் நுனியை முகப்புக்கு முன்னால் வைத்து 30 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அறையின் நடுவில் 33 டிகிரி இருக்கும்போது முகப்பில் 39, 40 காட்டினால், உங்கள் கேபினட் 40 டிகிரி அறையில்தான் வாழ்கிறது. உள்ளே எத்தனை ஃபேன் மாட்டினாலும் அந்த 7 டிகிரி போகாது.

இதற்கு மருந்து செலவில்லாதது. பெட்டியை டேபிள் அறையில் இருந்து வெளியே எடுத்து, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, அதே டெஸ்ட்டை மறுபடி ஓட்டுங்கள். தரையில் நேராக வைக்காமல் ஒரு சின்ன ஸ்டாண்டில் வைத்தால் கீழ் ஃபில்டரில் தூசி குறையும். ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றி, தண்ணீரில் அலசி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். ஃபில்டர் கழுவுவதற்கு முன்பும் பின்பும் டெல்டா எவ்வளவு என்று ஒரு தடவை குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை எப்போது கழுவ வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.